155ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு கூடைப்பந்தாட்ட அணி

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு: ஒன்பது பிள்ளைகள், இரண்டு பந்துகள், பருவத்தின் முதல் ஆறு வாரங்கள்

மழை விட்டுக் கால்மணி நேரம் இருக்கும். கொட்டாஞ்சேனைப் பாடசாலை ஒன்றின் சீமெந்துத் திடலில் இன்னும் குட்டை குட்டையாகத் தண்ணீர். வந்த அணி, வரவேற்ற அணி என்ற வேறுபாடில்லாமல் எல்லாப் பெடியளும் தும்புத்தடிகளோடு இறங்கிவிட்டார்கள். இரண்டு பேர் பழைய பனர் ஒன்றை நீளமாகப் பிடித்து ஈரத்தின் மேல் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். மதிலுக்கு அப்பால் புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம் மழையில் குளித்து நிற்கிறது. வெயில் பட்டதும் சீமெந்திலிருந்து ஆவி எழும்புகிறது.

"காணும் மனே, கொஞ்சம் காயட்டும். வழுக்கினா முழங்கால் போயிரும்!"

வெள்ளவத்தை அணியின் பயிற்றுநர் கத்துகிறார். கொழும்பில் எட்டு வருடம் வேலை பார்த்தும் மட்டக்களப்புப் பேச்சு அவரை விடவில்லை. அவரிடம் இருப்பது ஒன்பது பிள்ளைகள். ஐந்து பேர் களத்தில், நான்கு பேர் வாங்கில். வாங்கின் ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். திரையில் ஒரு பெடியன், கலைந்த தலை, தோளில் போர்வை. இங்கே பின்னேரம் நான்கு மணி, ரொறன்ரோவில் காலை ஆறரை. பெப்ரவரி வரை இந்த அணியின் பொயின்ற் கார்ட் அவன்தான்.

ஆறு வாரங்கள் இந்த அணியோடு திரிந்தேன். பாடசாலையின் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் இந்தக் கட்டுரையில் வராது. பதினாறு வயதுப் பிள்ளைகளின் தோல்விகளை ஊர் முழுக்கப் பெயர் சொல்லி எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் தோற்றார்கள், நிறையவே தோற்றார்கள். அந்தத் தோல்விகளுக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மூன்று அங்குலம் குறைந்த வளையம்

முதல் நாள் பயிற்சிக்குப் போனபோது திடல் எங்கே என்று கேட்டேன். ஆசிரியர்களின் வாகனங்கள் நிற்கும் முற்றத்தைக் காட்டினார்கள். ஒரு மூலையில் ஒற்றைக் கம்பம், ஒரு பலகை, வலை இல்லாத ஒரு வளையம். பாடசாலை ஒன்றரைக்கு விட, கடைசி வாகனம் வெளியேற இரண்டு மணியாகும். அதற்குப் பிறகுதான் பந்தைத் தட்டலாம். கொழும்பு வெயில் தலையில் இறங்கும் நேரம் அது.

அந்த முற்றத்துக்குச் சில வருடங்களுக்கு முன்பு புதிதாகக் கொங்கிரீற் போட்டிருக்கிறார்கள். நிலம் உயர்ந்தது; கம்பம் உயரவில்லை. பயிற்றுநர் ஒருநாள் அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தார். இருக்கவேண்டிய 3.05 மீற்றரில் மூன்று அங்குலம் குறைவு. இந்தப் பிள்ளைகள் ஆயிரம் தடவை எறிந்து கை பழகியது அந்தப் பதிந்த வளையத்துக்கு. வேறு திடலுக்குப் போனால் அதே எறிதல் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வருகிறது. முதல் இரண்டு போட்டிகளிலும் அந்த 'டங்' என்ற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கே நெஞ்சு கனத்தது. எதிரணிப் பார்வையாளர்களுக்கு அது குறிபார்க்கத் தெரியாத பெடியளின் எறிதலாகத் தெரிந்திருக்கும்.

பாடசாலைக்குக் கம்பத்தை உயர்த்திக் கொடுக்க ஒரு வெல்டிங்காரர் போதும். ஆனால் அதற்கு ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு திகதி. ஆறு வாரத்தில் அந்தத் திகதி வரவில்லை.

[பெட்டி]
பத்து அடி ஏன்?
1891 டிசம்பரில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் குளிர்காலத்தில் கட்டடத்துக்குள்ளேயே விளையாட ஒரு விளையாட்டைத் தேடினார். 13 விதிகளை எழுதினார். பீச் பழம் நிரப்பும் இரண்டு கூடைகளை மேல்மாடத்தின் கைப்பிடியில் அறைந்தார். அந்தக் கைப்பிடி பத்து அடி உயரத்தில் இருந்தது. இன்று உலகம் முழுவதும் வளையம் 3.05 மீற்றரில் நிற்பது அதனால்தான். முதல் ஆட்டத்தில் பக்கத்துக்கு ஒன்பது பேர், பந்து உதைபந்து, விழுந்தது ஒரேயொரு கூடை. கூடைக்கு அடி இருந்ததால் பந்தை எடுக்க ஒவ்வொரு தடவையும் ஏறவேண்டியிருந்தது. எங்கள் பக்கத்துக்கும் இந்த விளையாட்டை வை.எம்.சி.ஏ.க்களே கொண்டுவந்தன. 1920இல் ஹரி க்ரோ பக் மதராசில் தொடங்கிய வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதில் பெரிய பங்கு வகித்தது.
[பெட்டி முடிவு]

எட்டு விநாடி

முதல் போட்டி வடகொழும்பில், பெயர்பெற்ற ஓர் அணியோடு. கொட்டாஞ்சேனையில் கூடைப்பந்தாட்டம் வீட்டுச் சங்கதி. 1865இல் தொடங்கிய புனித பெனடிக்ற் கல்லூரி இருக்கும் ஊர் அது. மாலையில் ஒழுங்கைகளில் நடந்தால் மதிலுக்குப் பின்னாலிருந்து பந்து தட்டும் சத்தம் கேட்கும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கலந்து "பாஸ் மச்சான், பாஸ்!" என்ற குரலும் கேட்கும். அங்கே வளரும் பிள்ளை பந்தோடு வளர்கிறான்.

வெள்ளவத்தைப் பெடியள் முதல் கால்பகுதியில் ஒரு கூடைகூடப் போடவில்லை. எறிய வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதுதான் சரி. எதிரணி திடல் முழுவதும் ஆளோடு ஆளாக ஒட்டிக்கொண்டு நெருக்கியது. ஃபுல் கோட் பிரஸ். வெளியிலிருந்து பந்தை உள்ளே கொடுக்க 5 விநாடி, நடுக்கோட்டைக் கடக்க 8 விநாடி. அனுபவமுள்ளவனுக்கு 8 விநாடி நிறைய நேரம். இளம் அணிக்கு அது மூச்சு விடுமுன் முடிந்துவிடும்.

பந்து கையில் வந்ததும் பையன் தலையைக் குனிகிறான். பந்தைத் தட்டிக்கொண்டு ஓரக்கோட்டுப் பக்கமாக ஓடுகிறான், அங்கேதான் இடம் இருப்பதாகத் தெரிவதால். எதிரணி அந்த இடத்தை அவனுக்கென்றே திறந்து வைத்திருக்கிறது. கோட்டை ஒட்டி வந்ததும் இரண்டு பேர் பூட்டிவிடுகிறார்கள். கோடு மூன்றாவது ஆளாக நிற்கிறது. நிமிர்ந்து பார்க்கும்போது தோழர்கள் நால்வரும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். பந்து போகிறது. இதே காட்சி பத்துப் பன்னிரண்டு தடவை. இடைவேளையில் ஒருவன் அழுதான். அவனுடைய தகப்பன் மூலையில் நின்று பார்த்துவிட்டு, அருகே வராமல், வாசலில் போய் நின்றுகொண்டார்.

இந்தப் பிள்ளைகளின் பிறந்த வருடத்தைக் கேட்டேன். பெரும்பாலும் 2009. அதாவது 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவர்களுக்குப் பத்து, பதினொரு வயது. கைக்கும் பந்துக்கும் உறவு ஏற்படும் வயது அது. அந்த வயதில் இவர்கள் மாடிக் குடியிருப்புகளில் கைபேசித் திரைக்கு முன் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாடியில் பந்து தட்டினால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். திரும்பி வந்து மூச்சுவிடுவதற்குள் 2022. டொலர் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 வரை போனது. பெற்றோல் வரிசைகள், மின்வெட்டு, ஜூன், ஜூலையில் மறுபடி பூட்டிய கொழும்புப் பாடசாலைகள். பந்து, சப்பாத்து எல்லாம் இறக்குமதிச் சாமான். பந்தைத் தட்டியபடி தலை நிமிர்ந்து ஓடும் பழக்கத்தைப் பன்னிரண்டு வயதுக்குள் கற்றிருக்கவேண்டியவர்கள் பதினைந்தில் தொடங்கினார்கள். அந்தப் பிந்திய மூன்று வருடத்தைத்தான் முதல் போட்டியில் பார்த்தேன்.

அடுத்த நாள் பயிற்சியில் பயிற்றுநர் ஒரு கட்டளை போட்டார். பந்தை நிலத்தில் தட்டக்கூடாது. இரண்டு வாரத்துக்கு யாரும் தட்டக்கூடாது. பிடி, பார், கொடு, ஓடு. தட்டினால் பந்து மற்றப் பக்கத்துக்கு. பெடியளுக்குக் கோபம். பந்தைத் தட்டாமல் கூடைப்பந்தாட்டமா? மூன்றாம் நாள் ஒரு மாற்றம் தெரிந்தது. தட்ட வழியில்லாததால் பந்து வைத்திருப்பவன் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. அவன் பார்ப்பதால் மற்றவர்கள் ஓட வேண்டியிருந்தது. அணியில் ஆகப் பெரிய உருவம் கொண்ட, ஆக மெதுவாக ஓடும் பையனைப் பயிற்றுநர் நடுவட்டத்தில் நிறுத்தினார். "நீ ஓடாத மனே. கையத் தூக்கிக்கிட்டு நில்லு. எல்லாரும் உன்னத்தான் தேடுவாங்க." அதுவரை தன்னை அணிக்குப் பாரம் என்று நினைத்திருந்த பையன் அவன். அன்று பயிற்சி முடிந்த பிறகும் சுவருக்குப் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

நான்காவது போட்டியில் அதே நெருக்குதல் வந்தது. வெளியிலிருந்து ஒரு பாஸ், நடுவட்டத்துக்கு ஒரு பாஸ், அங்கிருந்து பக்கவாட்டில் ஓடுபவனுக்கு ஒரு பாஸ். நான்கு விநாடிகூட ஆகவில்லை, பந்து அடுத்த கரையில். லே-அப் தவறிப்போனது. பரவாயில்லை. வாங்கில் இருந்த நால்வரும் கூடை விழுந்ததுபோலக் குதித்தார்கள். நானும் எழும்பிவிட்டேன்.

லூசியானாவிலிருந்து வந்த பாதர்

பந்தைத் தட்டாத அந்தப் பயிற்சியை எங்கே கற்றீர்கள் என்று பயிற்றுநரைக் கேட்டேன். தனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரிடம் என்றார். அந்த மாஸ்டர் யாரிடம் கற்றார்? "பாதரிட்ட."

மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசும்போது பாதர் என்றால் யூஜின் ஹேபர்ட். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜெனிங்ஸ் என்ற ஊரில் 1923இல் பிறந்தவர். இயேசு சபையில் சேர்ந்து, 1948இல் கிழக்கிலங்கைக்கு வந்தவர். அந்தக் காலத்தில் நியூ ஒர்லியன்ஸ் மாகாண இயேசு சபையினர் பலர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் ஆசிரியப்பணிக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஹரோல்ட் வெபரின் பெயரில்தான் மட்டக்களப்பின் விளையாட்டரங்கு இன்றும் இருக்கிறது. ஹேபர்ட் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தைப் பொறுப்பெடுத்தார். தலைநகரிலிருந்து ஒரு முழு இரவு ரயில் தூரத்தில் இருந்த வாவிக்கரைப் பாடசாலை, அவர் காலத்தில் நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்றாகியது. கொழும்பின் பெரிய கல்லூரிகள் மிக்கேலின் பெயரைக் கேட்டு ஆயத்தமாகின.

பின்னாளில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்தினார். போர் இறுகியபோது மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் நின்றார். 1990 ஓகஸ்ட் 15. வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தன் ஸ்கூட்டரில் புறப்பட்டார். பின்னால் பெட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ்ப் பையன். வழியில் ஏறாவூர். இருவரும் மட்டக்களப்புக்கு வந்து சேரவில்லை. அவர்களுடைய உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. பாதருக்கு அப்போது 66 வயது.

இந்தக் கதையை இங்கே ஏன் சொல்கிறேன்? அமெரிக்கர் என்பதால் அவரிடம் ஏதோ மந்திரம் இருந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இந்த மண்ணுக்கு வந்து 42 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் இங்கேதான் இருந்தார். ஒரு தொகுதிப் பிள்ளைகள் போனால் அடுத்த தொகுதிக்கு அதே ஆள், அதே குரல், அதே பாடம். தோற்ற அணியின் தம்பிமாருக்கு அண்ணன்மார் எங்கே பிழைவிட்டார்கள் என்று தெரிந்த ஒருவர் திடலில் நின்றார். கொழும்பின் சிறிய தமிழ்ப் பாடசாலைகளுக்கு இல்லாதது அதுதான். எங்களுடைய பயிற்றுநர்களின் ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம். சம்பளம் பழைய மாணவர்கள் சேர்த்தால் உண்டு. இந்த ஒன்பது பேருக்கும் ஏழாம் வகுப்பிலிருந்து இவர் நான்காவது பயிற்றுநர். முன்னவர் சொன்னதைப் பின்னவர் மாற்றி, அதை அடுத்தவர் மாற்றி, பிள்ளைகளின் கை எறிதலின் நடுவில் தயங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இவரும் பகலில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். வாரத்தில் மூன்று நாள் முன்கூட்டியே வெளிக்கிட அனுமதி வாங்கியிருக்கிறார். அடுத்த வருடமும் இருப்பீர்களா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பந்துக்குக் காற்றடித்தார்.

மூன்றரைக்கு ரியூசன்

வெள்ளவத்தையைத் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் ரியூசன் பலகை இல்லாத மதில் அரிது. ஓ.எல். வகுப்புப் பிள்ளைக்குக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வணிகம், வரலாறு; ஒவ்வொன்றுக்கும் ஒரு ரியூசன், சிலவற்றுக்கு இரண்டு. மூன்றரைக்குத் தொடங்கும். பயிற்சியின் பாதியில் பெடியள் ஒவ்வொருவராகக் கழன்று போவார்கள், வியர்வைச் சட்டைக்கு மேலேயே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு. கடைசி அரை மணி நேரம் நான்கு பேரோடு நடக்கும். ஐந்து பேரின் விளையாட்டை நான்கு பேரோடு எப்படிப் பழகுவது?

பெற்றோரைக் குறைசொல்ல என்னால் முடியாது. பரீட்சை முடிவுதான் பல்கலைக்கழகத்தின் வாசல் என்று அவர்களுக்கு இந்த நாடு சொல்லியிருக்கிறது. ஒரு தாய் என்னிடம் பயிற்சி நாள்களில் மகன் நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாக நித்திரை கொள்கிறான் என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதம் நிறுத்தப்போவதாகவும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

அதைவிட ஆழமான கசிவு மற்றது. போர்க்காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து, லொட்ஜ்களில் தங்கி, விசாவுக்குக் காத்திருந்த ஊர் வெள்ளவத்தை. போர் முடிந்து இத்தனை வருடமாகியும் அந்தக் காத்திருப்பு முடியவில்லை. போன வருட அணியில் மூன்று பேர் இப்போது நாட்டில் இல்லை. பொயின்ற் கார்ட் போனது வெள்ளிக்கிழமை இரவு விமானத்தில். அதே வெள்ளிக்கிழமை பின்னேரம் பயிற்சிக்கு வந்திருந்தான். யாருக்கும் சொல்லவில்லை. பயிற்சி முடிந்ததும் தன் சப்பாத்தைக் கழற்றி, அளவு ஒத்துப்போகும் சின்னப் பையனிடம் கொடுத்துவிட்டு, செருப்போடு வீட்டுக்குப் போனான். அந்தச் சப்பாத்துதான் இன்று இந்த அணியில் நல்ல அடிப்பாகமுள்ள ஒரே சோடி.

பெண்பிள்ளைகளின் கதை இன்னும் சுருக்கம். கொட்டாஞ்சேனையில் பெடியளின் போட்டிக்கு முன் ஒரு பெண்கள் அணி பயிற்சி எடுத்தது. வேகமும் பந்து கையாளலும் எங்கள் பெடியளைவிட மேல். பத்தாம் வகுப்போடு பாதிப்பேர் நின்றுவிடுவார்கள் என்று அவர்களுடைய பொறுப்பாசிரியை சொன்னார். ரியூசன் ஒரு காரணம். "வெயிலில் கறுத்துப்போவாய்" என்பது இன்னொன்று. ஒரு பிள்ளையின் உடம்பு தனக்குச் சொந்தமாகும் வயதில் அந்த ஒரு வசனம் அவளை வீட்டுக்குள் இழுக்கிறது. அதைச் சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள் என்பது இன்னும் வேதனை.

[பெட்டி]
ஈவினையிலிருந்து ஆசியக் கிண்ணம் வரை
கூடைப்பந்தாட்டத்தின் தங்கை வலைப்பந்தாட்டம். வளையத்தின் உயரம் அதே 3.05 மீற்றர், பின்னால் பலகை மட்டும் இல்லை. யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவன் அருகே ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 208 சென்ரிமீற்றர். சின்ன வயதில் ஊர்க்கண்ணுக்கு உறுத்திய அதே உயரத்தால் இலங்கை அணியின் கோல் எறிபவராகி, 2009இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் ஆடினார். 2018 செப்ரெம்பரில் சிங்கப்பூரில் நடந்த இறுதியாட்டத்தில் இலங்கை 69–50 என சிங்கப்பூரை வென்றது. 2022இல், நாடு பெற்றோல் வரிசையிலிருந்து நிமிராத நாட்களில், மறுபடி 63–53.
[பெட்டி முடிவு]

கூப்பிடு தூரம்

கொட்டாஞ்சேனையிலிருந்து சுகததாச அரங்கு கூப்பிடு தூரம். கூரையுள்ள, மழை படாத, மின்விளக்குள்ள உள்ளக அரங்கு அங்கே இருக்கிறது. ஆறு வாரத்தில் இந்த அணி அதற்குள் காலடி வைக்கவில்லை. 155ஆம் இலக்க பஸ் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி, மருதானை என்று நகரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மட்டக்குளிக்குப் போகும். மருதானைக்கு அப்பால் பெடியள் அரங்கு இருக்கும் திசைக்குத் தலையைத் திருப்புவார்கள். பந்துகள் இரண்டும் உடுப்புக்கடைப் பைக்குள். ஒன்றில் பொட்டுகள் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. மழைநாளில் அது கையில் நிற்காது.

ஆறாவது போட்டிக்கும் அதே பஸ்தான். தும்புத்தடிகளால் தண்ணீர் தள்ளி, சீமெந்து காய்ந்து, நான்கரைக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் வாரம் இவர்களை நசுக்கிய அதே அணி. மறுபடி நெருக்கினார்கள். இந்த முறை பந்து நடுவட்டத்துப் பெரியவனைத் தேடிப் போனது. அவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். மூன்றாம் கால்பகுதி முடிவில் வித்தியாசம் ஆறு புள்ளி. நான்காம் கால்பகுதியில் ஒருவன் ஐந்தாவது ஃபவுலோடு வெளியே வந்தான், இன்னொருவனுக்குக் காலில் பிடிப்பு. வாங்கில் மிஞ்சியது இரண்டு பேர்.

கடைசி நிமிடங்களில் சின்னப் பையன், அந்தச் சப்பாத்தின் இப்போதைய சொந்தக்காரன், ஓரக்கோட்டில் பூட்டப்பட்டான். இரண்டு பேர் மேலே விழுந்துகொண்டிருந்தார்கள். முதல் வாரத்தில் இதே இடத்தில் தலைகுனிந்தவன் அவன். இப்போது ஒரு காலில் சுழன்று, நிமிர்ந்து, எதிர்ப்பக்கம் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தவனுக்குத் திடலின் குறுக்கே எறிந்தான். எதிரணியின் பயிற்றுநரும் கை தட்டினார்.

அந்த ஆரவாரத்தில் வாங்கு ஆடி, தண்ணீர்ப் போத்தல் சரிந்து, கைபேசி மல்லாக்க விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. நான் குனிந்து பார்த்தபோது திரையில் ரொறன்ரோ பையன் கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்திருந்தான். அவனுக்கு இனித் தெரிவது கொட்டாஞ்சேனையின் வானம், இரண்டு காகம், மின்கம்பி. எடுத்து நிமிர்த்தப் போனேன்.

"வேண்டாம் அண்ணா, அப்பிடியே விடுங்கோ," என்றான். "பந்துச் சத்தம் வடிவாக் கேக்குது."